அவ்வண்ணமே கோரம்

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம், திண்டிவனத்தில் பெரியப்பாவின் அச்சகத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சாகி, நான்கு முனையிலும் மஞ்சள் தடவப்பட்டு, பாதிக்கு மேல் ஊர் ஊராகக் கொடுக்கப்பட்டும் விட்ட பிறகு, அதன் கடைசி வரியை யாரோ ஒரு புண்ணியவான் படித்துப் பார்த்தார். பொதுவாக அந்த வரியை யாரும் படிப்பதில்லை. எல்லாப் பத்திரிகைகளிலும் அது ஒன்றேதான். 'அவ்வண்ணமே கோரும்' என்று போட்டு, அதன் கீழே தாய்மாமன்கள், உற்றார் உறவினர் பெயர்கள் வரும். எங்கள் பத்திரிகையில் 'அவ்வண்ணமே கோரம்' என்று இருந்தது. கீழே தாய்மாமன்கள் மூன்று பேரின் பெயர்களும் வரிசையாக இருந்தன.

அதைக் கம்ப்யூட்டரில் அடித்தது என் அம்மா.

பெரியப்பாவின் அச்சகம் மரக்காணம் ரோட்டில் இருந்தது. பின்னறையில் அச்சு இயந்திரம், முன்னறையில் கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலி அம்மாவுடையது. கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் அவள். பெரியப்பா கம்ப்யூட்டர் வாங்கியபோது ஆள் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தம்பி மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். வீட்டு மனுஷி என்பதால் வேலை நேரம் என்று எதுவும் கிடையாது. முகூர்த்த மாதங்களில் அம்மா சோறு வடித்துவிட்டு ஓடினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள்.

அவள் அடிக்கும்போது கீபோர்டைப் பார்க்க மாட்டாள். திரையைக்கூட எப்போதாவதுதான் பார்ப்பாள். பக்கத்தில் தாங்கியில் நிற்கும் கையெழுத்துத் தாளின் மேலேயே கண் இருக்கும். முறத்தில் கேப்பையைக் கொட்டிப் புடைக்கிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். யாராவது வந்து பேசினால் பதில் சொல்வாள், சத்தம் நிற்காது. பள்ளிக்கூடத் தோழிகளிடம் நான் அலட்டிக்கொள்ள என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தச் சத்தம்தான்.

அதற்கு முந்தைய வருடம் பெரியப்பாவின் மகளை, அதாவது என் அக்காவை, விழுப்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே கம்ப்யூட்டர் விற்கிற, ரிப்பேர் பார்க்கிற ஒரு கடையில் வேலையில் இருந்தார். எங்கள் குடும்பத்துக்கு வந்த முதல் மாப்பிள்ளை. பெரியவர்கள் எல்லோரும் அவரை 'மாப்ள' என்றே கூப்பிட்டதால் நானும் மனதுக்குள் அவரை மாப்பிள்ளை என்றே வைத்திருந்தேன். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் ஒரு கோழி குறையும். பெரியப்பா யார் சொன்னாலும் மறுபேச்சுப் பேசுகிறவர். மாப்பிள்ளை பேசும்போது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்ட வாயோடு மாப்பிள்ளை அச்சகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டார்.

"இது புதுசு மாமா. டைப்ரைட்டிங்லாம் கத்துக்கினு கஷ்டப்பட வேணாம். இங்கிலீஷ்ல அம்மான்னு அடிச்சா தமிழ்ல அம்மான்னு வந்துடும். நீங்களே அடிக்கலாம்."

பெரியப்பா ஆட்காட்டி விரலால் தேடித் தேடி ஐந்து எழுத்தை அழுத்தினார். திரையில் 'அம்மா' வந்தது. பெரியப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தமிழுக்கு மாறவும் திரும்ப இங்கிலீஷுக்கு வரவும் ஷிப்டை இரண்டு முறை தட்ட வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்தார். பெரியப்பா அதையும் நான்கைந்து தடவை தட்டிப் பழகிக்கொண்டார்.

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "மாப்ள, நான் அடிக்கிறதுக்கு ஏற்கெனவே ஒரு சாப்ட்வேர் கீதே. இதால அதுக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டாள்.

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது, அத்தே" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

மறுவாரத்திலிருந்து சின்னச் சின்னத் தப்புகள் வர ஆரம்பித்தன. ஒரு புரூஃபில் 'திருமணம்', 'திரமணம்' ஆகியிருந்தது. இன்னொன்றில் 'குடும்பத்தினர்', 'கடும்பத்தினர்' ஆகியிருந்தார்கள். ஒரு பத்திரிகையின் உச்சியில் 'முருகன் துணை' என்று போடுவதற்குப் பதிலாக 'மருகன் துணை' என்று வந்தது. பின்னறையில் அச்சு ஓட்டுகிற அண்ணன் அதைப் படித்துவிட்டு, இந்த வீட்டுக்கு மருமகன் துணைதான் சரி என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வந்த தப்பையெல்லாம் உட்கார்ந்து திருத்தினாள். முன்பு ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுத்தவள் இப்போது மூன்று தடவை படித்தாள். கண் வலிக்கிறது என்று ஒருநாள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கோரமான பத்திரிகையையும் அவள் மூன்று தடவை படித்துத்தான் கொடுத்தாள். அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிற ஒருவரின் மகள் கல்யாணம் அது. அவரும் புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் போன் செய்து, கடைசித் தாய்மாமன் பெயர் விட்டுப்போனதாகச் சொன்னார். அம்மா கடைசி நான்கு வரிகளைத் திரும்ப அடித்தாள். படித்துவிட்டுத் தருகிறேன் என்றாள். பெரியப்பா தாளை உருவிக்கொண்டார். "ஜல்தி, ஜல்தி. நீ அடிச்சா தப்பு வருமா?" என்றார். அம்மாவின் மேல் அவர் வைத்த நம்பிக்கையை நான் நேரில் பார்த்த நாள் அது.

மல்லாட்டை வியாபாரி மீதிப் பத்திரிகைக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன். சனிக்கிழமை. அவர் கத்தவில்லை. மேஜைமேல் கட்டை வைத்து, மேலே இருந்த ஒன்றை எடுத்து, கடைசி வரியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"எங்க வூட்டுக் கல்யாணம் கோரமாங்க? என் மச்சானுங்க மூணு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீறானுங்க. எங்களப் பாத்தா எப்புடிய்யா கீதுன்னு என்னைக் கேக்குறானுங்க. நான் இன்னா சொல்றது?"

பெரியப்பா எழுந்து நின்றார். வேறு அச்சடித்துச் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். வியாபாரி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு, பெரியப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா இது? கண்ண எங்க வெச்சிகினு அடிச்ச?"

"நான் ரு-தான் மாமா அடிச்சேன்" என்றாள் அம்மா. பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்ப மெஷினு தானா மாத்திக்கிச்சா?"

"அது எனக்குத் தெரியல. நான் அடிச்சது ரு."

வந்தவர் முன்னால் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு என்று பெரியப்பா கண்ணால் சொன்னார். எனக்கே அது புரிந்தது. அம்மா அவரைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு வியாபாரியிடம், "உங்களுக்கு ஏற்பட்ட கஷ்டத்துக்கு எனக்கு வருத்தமா கீதுங்க. ஆனா இது என் கை செஞ்ச தப்பு இல்ல" என்றாள்.

அன்று மாப்பிள்ளையைப் போன் போட்டு வரவழைத்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் பழைய சாப்ட்வேரையே திறந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி 'அவ்வண்ணமே கோரும்' என்று அடித்தார். சரியாக வந்தது. பெரியப்பா ஒற்றை விரலால் அடித்தார். சரியாக வந்தது. என்னையும் உட்கார வைத்தார்கள். நானும் தேடித் தேடி அடித்தேன். எனக்கும் 'கோரும்' என்றே வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல மாமா" என்று மாப்பிள்ளை எழுந்தார். "அத்தைக்குக் கண்ணுல பவர் ஏறியிருக்கும். ஒருவாட்டி செக் பண்ணிடுங்க."

பெரியப்பா மறுநாளிலிருந்து அம்மாவுக்குக் கவர் ஒட்டுகிற வேலை கொடுத்தார். ஐப்பசி முகூர்த்தங்களுக்கு முன் விழுப்புரத்திலிருந்து கோர்ஸ் படித்த ஒரு பெண்ணை மாப்பிள்ளை அனுப்பி வைப்பதாக ஏற்பாடு. அதுவரை அவசரமானதை மட்டும் பெரியப்பாவே ஒற்றை விரலால் அடித்தார். அம்மா பின்னறையில் பசைக் கிண்ணத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னறையிலிருந்து டக்... டக்... என்று ஒவ்வொன்றாகச் சத்தம் வரும்.

அப்பா புதுச்சேரிக்குச் சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி, "ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன். எங்கண்ணன்தான். வேற யாரு?" என்றார்.

"செய்யாததுக்கு எதுக்கு சொல்லணும்?"

"சொன்னா கொறஞ்சா பூடுவ?"

"ஆமா" என்றாள் அம்மா. "கொறஞ்சுதான் பூடுவேன்."

அன்று ராத்திரி படுத்தபடி நான் மெதுவாகக் கேட்டேன்: "உனக்கு நல்லா ஞாபகம் கீதாம்மா, ரு-தான் அடிச்சியா?" அம்மா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தேகம் இருந்தது. எல்லோர் கைக்கும் சரியாக வருவது அம்மா கைக்கு மட்டும் ஏன் தப்பாக வர வேண்டும்? அந்தச் சந்தேகத்தோடுதான் நான் காகிதங்களைத் தேடிப் போனேன். அச்சகத்தில் கழித்துப் போட்ட புரூஃப் தாள்களை நான் வீட்டுக்கு எடுத்துவந்து பின்பக்கத்தில் கணக்குப் போடுவது வழக்கம். காலாண்டுப் பரீட்சைக்குப் போட்ட அத்தனை கணக்கும் அந்தத் தாள்களில் இருந்தன. விடுமுறையில் அவற்றையெல்லாம் திருப்பிப் போட்டு, அம்மா பேனாவால் சுழித்திருந்த தப்புகளை ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு பக்கம் வந்த சொல், எதிர்ப்பக்கம் வந்திருக்க வேண்டிய சொல். ஆடி மாதத்துக்கு முந்திய தாள்களில் சுழிப்பே இல்லை. பிந்தியவற்றில் மூன்று பக்கத்துக்குத் தப்புகள் சேர்ந்தன. அம்மாவின் மதிப்பெண் பட்டியலைத் தயாரிக்கிற டீச்சரைப் போல நான் சிவப்பு மையால் கோடு போட்டேன்.

அதை அவளிடம் காட்டியபோது அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. "படி" என்றாள்.

நான் படித்தேன். "மருகன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் முறத்தின் விளிம்பில், கீபோர்டில் இருப்பது போலவே வரிசையாக உட்கார்ந்தன. 'முருகன்' என்று முறத்தில் அடித்தாள். "அடுத்தது."

"திரமணம்."

அடித்தாள்.

"கடும்பம்."

அடித்தாள். நான் படிப்பதை நிறுத்திவிட்டு அவள் விரல்களைப் பார்த்தேன். மற்ற விரல்கள் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தன. ஆனால் தப்பான ஒவ்வோர் எழுத்திலும் அவளுடைய இரண்டு சுண்டுவிரல்களில் ஏதாவது ஒன்று ஓரமாக நீண்டது.

"சுண்டுவிரல் எதுக்கும்மா போவுது?"

அம்மா கண்ணைத் திறந்து தன் கையையே பார்த்தாள். "ஷிப்ட். ர-வும் ரு-வும் ஒரே கட்டையில இருக்கும். ஷிப்டோட அடிச்சா ரு. ம, மு. க, கு. எல்லாம் அப்படித்தான்." சொல்லிக்கொண்டே வந்தவள் என் நோட்டைப் பிடுங்கி மூன்று பக்கத்தையும் ஒரே மூச்சில் பார்த்தாள். ஒரு தப்புகூட விலக்கு இல்லை. எல்லாமே ஷிப்ட் எழுத்துகள். ஷிப்டை அழுத்தியும், அது அழுத்தப்படாத மாதிரி விழுந்த எழுத்துகள்.

"மாப்ள அன்னைக்கு ஷிப்ட ரெண்டு வாட்டி தட்டச் சொன்னாரில்ல?" என்றேன் நான்.

அம்மா சுண்டுவிரலால் முறத்தின் விளிம்பை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு, எனக்குச் சொல்வது போல அல்லாமல், முறத்துக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். அந்தப் புது சாப்ட்வேர் ஒளிந்துகொண்டு ஷிப்டுக்காகவே காத்திருக்கிறது. ஷிப்ட் விழுந்ததும் இது தனக்கான தட்டா என்று பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டாவது தட்டு வருகிறதா என்று பார்க்கிறது. வரவில்லை என்றால் விட்டுவிடுகிறது. ஒற்றை விரலால் அடிக்கிறவர்களுக்கு அது பிடித்து வைப்பதும் தெரியாது, விடுவதும் தெரியாது. "நான் அதுக்குள்ள அடுத்த எழுத்த அடிச்சிட்டுப் பூட்றேன்" என்றாள். மெதுவாக அடிக்கிறவர்களுக்கெல்லாம் சரியாக வந்து, வேகமாக அடிக்கத் தெரிந்த ஒருத்திக்கு மட்டும் தப்பாக வந்ததன் கதை அவ்வளவுதான்.

உடனே ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் குதித்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "எல்லாரும் இருக்கறப்ப" என்றாள்.

எல்லோரும் இருந்த நாள் ஆயுத பூஜை. அச்சு இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை குவித்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம். திரையின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. கீபோர்டின் மேல் ஒரு முழம் சாமந்தி. விழுப்புரத்திலிருந்து அக்காவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அப்பாவின் லோடு வண்டிக்கும் மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தது. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பெரியம்மா சுண்டல் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா போய் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாமந்திச் சரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள்.

"ஏய், இன்னா பண்ற? இன்னிக்கு அதத் தொடக்கூடாது" என்று பெரியம்மா சத்தம் போட்டாள். அப்பா வாசலிலிருந்தே, "ஏந்திரு, ஏந்திரு" என்றார்.

"தொடக்கூடாதுன்னு என்னை ஒதுக்கி மூணு வாரம் ஆவுதுக்கா" என்றாள் அம்மா. "இன்னிக்கு ஒரு நாளு தொட்டுக்கிறேன். மாமா, கொஞ்சம் வாங்க. மாப்ள, நீங்களும்."

அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தானோ என்னவோ இருவரும் வந்தார்கள். அம்மா 'அவ்வண்ணமே கோரும்' என்று இருபது வரி அடித்தாள். அந்தச் சத்தம் மூன்று வாரத்துக்குப் பிறகு வந்தது. அறையில் இருந்தவர்கள் பொரியை மெல்வதை நிறுத்திவிட்டார்கள்.

"எண்ணுடி" என்றாள் என்னிடம்.

இருபதில் ஆறு 'கோரம்'.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா. "உன் கைதானே?"

அம்மா திரையின் அடியில், வலது மூலையில், மணி காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு சின்னப் படங்களைக் காட்டினாள். ஒன்று அவளுடைய பழைய சாப்ட்வேர். இன்னொன்று மாப்பிள்ளை போட்டது. புதியதன் மேல் மௌஸை வைத்து மூடினாள். அந்தப் படம் மறைந்தது. திரும்ப இருபது வரி, அதே வேகத்தில். நான் எண்ணினேன். ஒன்றுகூடத் தப்பு இல்லை. புதியதைத் திறந்தாள். இருபது வரி. ஐந்து கோரம். மூடினாள். இருபது வரி. ஒன்றும் இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் எண்ணிச் சொல்லச் சொல்ல என் குரல் தெருவுக்குக் கேட்கிற அளவுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. அப்பா வாசலிலிருந்து உள்ளே வந்து என் பின்னால் நின்றார்.

மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அது வந்து... ரெண்டும் கான்ஃப்ளிக்ட் ஆவுது மாமா. வெர்ஷன் ஒத்துப் போவல" என்றார். இரண்டு சாப்ட்வேர் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா மூன்று வாரமாகச் சொல்லிவந்ததற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் கிடைத்ததும் அறையில் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. பெரியப்பா சிரித்தேவிட்டார்.

"அதான பாத்தேன். மெஷின் கோளாறு. இத வெச்சிகினு எவ்ளோ பேஜாரு! சரி வுடும்மா, நாளையிலேர்ந்து நீயே வந்து ஒக்காரு."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். சாமந்திச் சரத்தை எடுத்துப் பழையபடி கீபோர்டின் மேல் வைத்தாள். எழுந்தாள்.

"நான் நாளைக்கு வர்ல மாமா. மாப்ள சொன்ன பொண்ணையே வரச்சொல்லுங்க. அந்தப் புது சாப்ட்வேர மட்டும் எடுத்துட்டு அந்தப் பொண்ண ஒக்கார வைங்க. இல்லன்னா அதுகிட்டயும் கண்ண எங்க வெச்சன்னு கேப்பீங்க."

சிரிப்பு நின்றது. பெரியம்மா சுண்டல் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். இதற்குப் போய்க் கோபப்படலாமா, குடும்பத்துக்குள் இதெல்லாம் சகஜம்தானே, நாள் கிழமையில் இப்படியா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அப்பா என்ன நினைத்தாரோ, வண்டியில் ஏறி, மாலையோடு அதைக் கிளப்பிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நிறுத்தினார். அவள் ஏறிக்கொண்டாள். என்னை மறந்துவிட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. பள்ளி திறந்ததும் இந்தக் கதையைச் சொல்லி, தோழிகளை அச்சகத்துக்கே கூட்டிப்போய் அம்மாவின் வேகத்தைக் காட்டுவதாக நான் திட்டம் போட்டிருந்தேன். ஜெயித்த பிறகு விளையாட்டை விட்டு எழுந்து போகிறவர்களை நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவள் என்னையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்த நான், அதற்குமேல் முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நம்மதானே ஜெயிச்சோம்? ஜெயிச்சவங்க எதுக்கும்மா வெளிய போவணும்?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல மெஷினு சரின்னுச்சு. நம்பனாங்க. அப்புறம் அதே மெஷினு தப்புன்னுச்சு. அப்பவும் நம்பனாங்க. என்னை எப்பம்மா நம்பனாங்க?"

அதில் ஏதோ வார்த்தை விளையாட்டு இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவர்கள் கடைசியில் நம்பிவிட்டார்கள் அல்லவா, எதைப் பார்த்து நம்பினால் என்ன என்று மனதுக்குள் வாதாடினேன். நானும்கூட அந்தச் சிவப்புக் கோடுகளைப் போட்ட பிறகுதான் நம்பினேன் என்பது அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை.

கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில் மனு அடித்துக் கொடுக்கிற கடைகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவருடையது. பல வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். ஆள் தேவை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெள்ளைத் தொப்பி போட்டிருந்த அவர் அம்மாவிடம் மரியாதையாகப் பேசினார். ஒரு பழைய மனுவைக் கையில் கொடுத்து, "அடிச்சுக் காட்டுங்கம்மா, பாக்கலாம்" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார்.

அம்மா உட்காரவில்லை. மனுவைக் கையில் வைத்தபடியே, "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் பாய்" என்றாள். "தப்பு வந்தா மொதல்ல என்னைக் கேளுங்க. என் கை தப்புன்னா நானே ஒத்துக்குவேன். இல்லன்னு நான் சொன்னா, அத நம்பிட்டு அப்புறமா மெஷினப் பாருங்க. இதுக்குச் சம்மதம்னா ஒக்கார்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வேலையை விட்டாயிற்று. வேலை கேட்டு வந்த இடத்தில், ஓர் எழுத்துகூட அடித்துக் காட்டுவதற்கு முன்னால் யாராவது இப்படிப் பேசுவார்களா? அவள் புடவையின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே மனுவோடு காத்திருந்த இரண்டு கிழவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா இத்தனை திமிர் பிடித்தவள் என்று அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கன்னம் சுட்டது. யாராவது கேட்டால் அந்தம்மா யாரென்று தெரியாது என்று சொல்லிவிடலாம் என்ற முடிவோடு நான் வாசலைத் தாண்டிப் போய், கலெக்டர் ஆபீஸ் கேட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து நாற்காலி இழுபடுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து அம்மா அடிக்கிற சத்தமும் கேட்டன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.